நான்காம் நாற்காலி

கூடலம்பட்டு பேருந்து நிலையத்தில் ஷர்மிளாவை அறைந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. இடுப்பில் குழந்தை, கையில் காய்கறிப் பை. குழந்தையை இறக்கி விடாமலேயே அறைந்தாள்.

“ஏன்டி, சோத்துல வெஷத்த வச்சுக் குடுத்துட்டு இங்க வந்து பஸ்ஸுக்கு நிக்கிறியா?”

ஷர்மிளாவுக்கு முதலில் வலி தெரியவில்லை. கண்ணாடி பறந்துபோய் ஒரு பெஞ்சுக்கடியில் விழுந்தது மட்டும் தெரிந்தது. குனிந்து அதை எடுப்பதற்குள் முதுகில் இன்னொரு அடி. சுற்றி இருபது பேராவது நின்றார்கள். ஒருவர்கூடத் தடுக்கவில்லை. கடைசியில் ஒரு நடத்துநர் வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்துவிட்டு ஷர்மிளாவிடம் சொன்னார்:

“கை வச்சது தப்புதாம்மா. ஆனா நீ செஞ்சதும் தப்புதான?”

“நான் என்ன செஞ்சேன்?”

“ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குது பாரு,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ஷர்மிளாவுக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருடமாக நடிக்கிறாள். கொடுமைக்கார மாமியாராக நடித்த காலத்தில் கடைத்தெருவில் சாபம் வாங்கியிருக்கிறாள். அதையெல்லாம் பாராட்டாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தவள். ஆனால் ‘நான்காம் நாற்காலி’ தொடரில் அவளுக்கு வில்லி வேடமே இல்லை. முதலமைச்சரின் செயலாளர் ரோகிணி. கோப்பு கொண்டுவருவாள், காபி கொடுப்பாள், முதலமைச்சர் இறந்து கிடக்கும்போது காலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அவ்வளவுதான். அந்த அழுகையைப் பார்த்துவிட்டு அம்பத்தூரில் அவள் தெருவில் கீரை விற்கும் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதிருக்கிறாள்.

அந்தத் தொடரைப் பார்க்காத வீடு அந்த வருடம் தமிழ்நாட்டில் குறைவு. கற்பனையான ஒரு மாநிலத்தின் முதலமைச்சர் விஷம் வைத்துக் கொல்லப்படுகிறார். ஒரு விருந்தினர் மாளிகை அறையில் நான்கு பேர் உட்கார்ந்து அந்தச் சதியைத் தீட்டுகிறார்கள். மூன்று பேர் முகம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். நான்காவது நாற்காலி நமக்கு முதுகு காட்டிக்கொண்டிருக்கும். அதில் யார்? இதுதான் கதை. வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்குத் தொடர். சனிக்கிழமை முழுக்க ரயிலில், ரேஷன் கடையில், கல்யாணப் பந்தியில் சண்டை.

ஷர்மிளா அந்த ஊருக்கு ஒரு அரிசி விளம்பரத்தில் நடிக்க வந்திருந்தாள். முகம் வீங்கிப்போய், பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தாள். கடைக்காரர் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தார்.

“அண்ணே, நான் எப்ப விஷம் வச்சேன்? நீங்களாவது சொல்லுங்க.”

“போன வாரம் வச்சியேம்மா.”

“காட்டுங்க.”

கடைக்காரர் போனை எடுத்துக் காட்டினார். பதினான்காம் அத்தியாயம். திரையில் ஷர்மிளா வந்தாள். அவள் உடுத்தாத நீலப் புடவை. கழுத்தில் அவள் அணியாத சிலுவைச் சங்கிலி. எல்லோரும் அவளை கிரேஸ் என்று கூப்பிட்டார்கள். கையில் டிபன் கேரியர். “ஐயா, சாப்பிடுங்கய்யா. இன்னிக்கு எங்க வீட்டுச் சமையல்,” என்றாள் அந்த கிரேஸ், ஷர்மிளாவின் குரலில், ஷர்மிளா ஒருநாளும் பேசாத வசனத்தை. பிறகு கதவுப் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தாள். ஷர்மிளா போனைக் கையில் வாங்கிக் கிட்டத்தில் பார்த்தாள். அவளுடைய சிரிப்புதான். அதை அவள் சிரிக்கவில்லை.

அடுத்த காட்சியில் நான்காவது நாற்காலி மெல்லத் திரும்பியது. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“இதுல என்னம்மா பொய்யி?” என்றார் கடைக்காரர். “சிலுவை போட்ட ஆளுங்க இப்படித்தான்னு எங்க மேலத்தெருவுல அன்னிக்கே சொன்னாங்க. அதே மாதிரி ஆச்சு.”

ஷர்மிளாவின் கையில் ஐஸ் உருகி முழங்கை வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் வீட்டில் அதே பதினான்காம் அத்தியாயத்தைப் பார்த்திருந்தாள். அதில் நாற்காலி திரும்பியபோது உட்கார்ந்திருந்தவன் வேறொருவன்.

மறுநாள் காலை அவள் தனபாலைப் பிடித்தாள். ‘மின்முற்றம்’ நிறுவனத்தில் படத்தொகுப்புப் பிரிவில் இருப்பவன். பதினைந்து வருடப் பழக்கம். அலுவலகத்துக்குள் பேச வேண்டாம் என்று அவளை இரண்டு தெரு தள்ளி ஒரு கரும்புச்சாறு வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனான். வண்டியைச் சுற்றி ஒருமுறை பார்த்தான்.

“இங்க டி.வி. இல்ல. பேசலாம்.”

“என் மூஞ்சியப் பாரு தனபால். ஒரு பொம்பள அறைஞ்சா. ஊரே வேடிக்கை பாத்துச்சு. என் கழுத்துல சிலுவையைப் போட்டது யாரு? நீயா?”

“நான் போடல மேடம். யாருமே போடல. அதுவா போட்டுக்கும்.”

“எது?”

தனபால் சாற்றுக் கோப்பையை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

“புது டி.வி. மேல கடுகு மாதிரி ஒரு கண்ணு இருக்கும். பாத்திருக்கீங்களா? நீங்க தூங்கிட்டா அதுவா அணைச்சுக்கறதுக்குன்னு சொல்லி விக்கறாங்க. அணைச்சிருந்தாலும் அது பாத்துக்கிட்டும் கேட்டுக்கிட்டும் இருக்கும். உங்க முகத்துல ரத்தம் ஏறுதா, பல்லைக் கடிக்கறீங்களா, யாரு வந்தா வாய்க்குள்ள திட்டறீங்க, எல்லாம் அதுக்குத் தெரியும். முதல்ல இசையை மட்டும் மாத்திச்சு. நீங்க பயப்படற எடத்துல இன்னும் கொஞ்சம் சத்தம். அப்புறம் காட்சியோட நீளம். இந்தத் தொடருக்குக் கதையையே அதுகிட்ட குடுத்துட்டாங்க.”

“கதைய எழுதினது குணாளன் சாருதான?”

“அவரு எழுதினது மூணு நாற்காலிக்குத்தான். நாலாவது நாற்காலிக்கு யாரும் எழுதல. அது காலி. யாரு வீட்டுல யாரைப் பாத்தா கோவம் வருதோ, அவங்களை அதுல உக்கார வைக்கும். கோவத்துலதான் மேடம் ஜனங்க அடுத்த வாரமும் வராங்க. அழுகைல வர்றவங்க பாதிதான்.”

“வீட்டுக்கு வீடா?”

“தெருவுக்குத் தெரு. வீட்டுக்கு வீடு மாத்தினா பக்கத்து வீட்டுல பேசிக் கண்டுபிடிச்சிருவாங்க. ஒரு தெருன்னா பெரும்பாலும் ஒரே மாதிரி ஜனங்கதான? அவங்களுக்கு ஆகாத ஆளும் ஒரே ஆளுதான். போன வாரக் கணக்குக்கு, நாலாவது நாற்காலில ஆயிரத்து முந்நூறு பேரு உக்காந்திருக்காங்க.”

“வேற ஊருக்காரங்க பேசிக்க மாட்டாங்களா? சொந்தக்காரங்க போன்ல பேச மாட்டாங்களா?”

“பேசறாங்களே. சண்டை போடறாங்களே. ‘நீ ஒழுங்கா பாக்கல, நீ அந்த ஆளுங்களுக்கு சப்போர்ட்டு’ன்னு ரெண்டு பக்கமும் கத்தறாங்க. எங்க ஆபீஸ்ல அதுக்குத் தனியா ஒரு சுவரு இருக்கு. சண்டை ஏற ஏற அதுல பச்சை விளக்கு எரியும்.”

ஷர்மிளா கோப்பையை வண்டியின் தகரத்தில் ஓங்கி வைத்தாள். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“என் முகத்தை எடுத்து இப்படிச் செய்ய யாருடா உங்களுக்கு உரிமை குடுத்தது?”

“நீங்கதான் மேடம். ஒப்பந்தத்துல ஒன்பதாம் பக்கம். முகம், குரல், சாயல். எல்லாரும் போட்ட கையெழுத்துதான்.”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து தனபால் மெதுவாகக் கேட்டான்.

“உங்க வீட்டுல யாரு வந்தாங்க மேடம்?”

“பில்டர். ஒரு தடியன். தங்கக் கடிகாரம் கட்டிக்கிட்டு, எல்லாரையும் ‘கண்ணு, கண்ணு’ன்னு கூப்பிடுவான். எங்க அபார்ட்மென்ட்டைக் கட்டின படுபாவி மாதிரியே. லிஃப்டே வைக்காம ஓடினானே, அவன். அந்த நாற்காலி திரும்பினப்ப நான் செருப்பைக் கழட்டி டி.வி. மேல எறிஞ்சேன்.” சொல்லும்போதே அவள் குரல் தாழ்ந்தது. “அதுதான தனபால் நிஜம்? எங்க வீட்டுல வந்ததுதான ஒரிஜினல்?”

தனபால் அவள் முகத்தைப் பார்க்காமல் சாற்றைக் குடித்து முடித்தான்.

ஷர்மிளா ஒரு வழக்கறிஞரிடம் போனாள். அவர் ஒன்பதாம் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “நீங்க மட்டும் போனா, ஒப்பந்தத் தகராறுன்னு தள்ளிடுவாங்கம்மா. பாத்தவங்க வரணும். ‘எங்களை ஏமாத்தி எங்க கோவத்தைத் தூண்டி விட்டாங்க’ன்னு பத்து இருபது பேரு கையெழுத்துப் போட்டா, கோர்ட்டு கேக்கும்.” ஒரு மனுவை எழுதி, கீழே கையெழுத்துக்காக வெறும் கோடுகள் போட்டுக் கொடுத்தார்.

யாரிடம் போவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த வாரத்திலேயே செய்தி வந்தது. கூடலம்பட்டு கிராம நிர்வாக அலுவலர் லில்லி புஷ்பம் மீது கல்வீச்சு. அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வெளியே வந்தவரை மேலத்தெருவைச் சேர்ந்த ஒருவர் தாக்கினார். ‘நாலாவது நாற்காலி நீதானடி’ என்று கத்தியபடி எறிந்ததாகச் சாட்சிகள் சொன்னார்கள். நீலப் புடவை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

ஷர்மிளா செய்தியோடு வந்த லில்லியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மனுவைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அரசு மருத்துவமனையின் பெண்கள் பொது வார்டு அது. இருபத்திரண்டு கட்டில். லில்லி புஷ்பம் பதினொன்றாம் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது. பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. மீதிக் கண்ணால் ஷர்மிளாவைப் பார்த்ததும் தலையணையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க ரோகிணி.”

“ஷர்மிளாங்க. ரோகிணியா நடிச்சவ. உங்க ஊர்ல என்னை கிரேஸா காட்டிட்டாங்க. நான் நடிக்கலைங்க. ஆனா என் முகம்தான். அதான் வந்தேன்.”

தனபால் சொன்னதையெல்லாம் அவள் சொன்னாள். லில்லி குறுக்கே பேசவில்லை. ஒரு இடத்தில் மட்டும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“இருங்க. எங்க வீட்டுல நான் பாத்தது?”

“உங்க வீட்டுல யாரு வந்தாங்க?”

“கோயில் தர்மகர்த்தா ஒருத்தரு. மொத வாரத்துலேருந்தே அங்கங்க வருவாரு. முறுக்கு மீசை, நெத்தி நிறைய குங்குமம். ஊர்க்கூட்டத்துல மத்தவங்களை நிக்க வச்சுப் பேசுவாரே, அந்த மாதிரி. எங்க மேலத்தெருப் பெரிய மனுசங்க அச்சு அசல். நான் இந்த ஊருக்கு வந்த மொதல் வருசம், அவங்க திண்ணைல காபி டம்ளரைத் தனியா வச்சாங்க எனக்கு.” அவள் பல்லைக் கடித்தாள். “அந்தாளு நாற்காலில திரும்பினப்ப, எனக்கு அப்படியே நெஞ்சு குளுந்துச்சுங்க. ‘பாத்தியா, நான் சொன்னேன்ல’ன்னு எங்க அக்காகிட்ட சொன்னேன்.”

“அதுவும் உங்களுக்காகச் செஞ்சதுதாங்க.”

லில்லி முகக் கட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். எதிர்க் கட்டிலில் ஒரு பெண் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்மேல கல்லு விட்டாரே, அவரு பேரு தணிகாசலம். அவரு பொண்ணு நர்சிங் சேர சாதிச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டிருந்துச்சு. என்ன ஆன்லைனோ, வி.ஏ.ஓ. விசாரிச்சு ஒப்புதல் குடுத்தாத்தான் தாசில்தார்கிட்ட போகும். மேலத்தெரு மனு மொத்தம் முப்பத்தொண்ணு. ரெண்டு மாசமா நான் தொடவே இல்ல. காரணம்னு ஒண்ணும் இல்லைங்க. திறக்கறப்ப எல்லாம் அந்த மீசைதான் கண்ணு முன்னாடி நிக்கும். கெடக்கட்டும்னு மூடிருவேன்.”

“அந்தப் பொண்ணு?”

“கடைசித் தேதி போன மாசமே முடிஞ்சுது. சீட்டு போச்சு. தணிகாசலம் மூணு தடவை வந்து கேட்டாரு. மூணு தடவையும் நாளைக்கு வாங்கன்னேன்.” லில்லியின் ஒற்றைக் கண் கலங்கவில்லை, சிவந்திருந்தது. “அவரு என்னை கிரேஸுன்னு நெனச்சு எறிஞ்சாரா, சான்றிதழுக்காக எறிஞ்சாரான்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்குக் கண்ணு போச்சு. அவரு உள்ள இருக்காரு. அந்தப் புள்ளைக்குப் படிப்பு போச்சு. உங்க கம்பெனில பச்சை விளக்கு எரிஞ்சிருக்கும். இல்லீங்களா?”

அதற்குமேல் ஷர்மிளாவால் உட்கார முடியவில்லை. எழுந்து வார்டின் கோடிவரை நடந்தாள், திரும்பி வந்தாள். சுவரில் ஒரு டி.வி. மாட்டியிருந்தது. அதன் மேல் கடுகளவு கண்.

“இந்த டி.வி. ஒண்ணு தண்டம்,” என்றாள் ஆரஞ்சு உரித்தவள், யாரும் கேட்காமலேயே. “எல்லா எடத்துலயும் நாற்காலி திரும்பிருச்சாம். இதுல மட்டும் இன்னும் முதுகையே காட்டிக்கிட்டு நிக்குது.”

ஷர்மிளா நின்றாள். இருபத்திரண்டு கட்டில், இருபத்திரண்டு தெரு, இருபத்திரண்டு விதமான கோபம். யாரை உட்கார வைப்பது என்று அதற்கே தெரியவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. கடைசி அத்தியாயம். மணி ஐந்தே முக்கால்.

அவள் வார்டின் நடுவில் போய் நின்றாள். மேடையில் நின்று பழகிய குரல். கத்த வேண்டியிருக்கவில்லை.

“எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்கம்மா. நாலாவது நாற்காலில யாருன்னு உங்க உங்க வீட்டுல பாத்தீங்கல்ல? யாரு?”

“கலெக்டர்,” என்றாள் ஒருத்தி.

“எந்தக் கலெக்டரு? வேலைக்கு வந்த வடக்கத்தி ஆளுல்ல?”

“அய்யே, நர்சு ஒருத்திங்க. ஊசி போடறவ. எங்க சின்ன மாமியா சாடை.”

“நீ எந்தத் தொடரைப் பாத்த? வட்டிக்கு விடறவன்தான் செஞ்சான். நான் கண்ணால பாத்தேன்.”

“உன் ஆளுங்களை நீ விட்டுக் குடுப்பியா? அதான் மாத்திச் சொல்ற.”

ஐந்து நிமிடத்தில் வார்டு ரணகளமாகிவிட்டது. காலில் கட்டுப் போட்டவள் கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள். பணியிலிருந்த செவிலியர் ஓடிவந்தார். அவரும் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, “இல்லீங்க, அது வக்கீலு,” என்றார்.

“எல்லாரும் சொல்றது நிஜம்,” என்றாள் ஷர்மிளா. “எல்லாருக்கும் பொய்யைத்தான் காட்டியிருக்காங்க.”

பிறகு சொல்லத் தொடங்கினாள். கடுகுக் கண்ணைச் சுட்டிக் காட்டினாள். காலி நாற்காலியைச் சொன்னாள். பேருந்து நிலையத்தில் வாங்கிய அறையைச் சொன்னாள். லில்லியைப் பார்த்தாள். லில்லி தலையை ஆட்டியதும் முப்பத்தொரு மனுவையும் நர்சிங் சீட்டையும் சொன்னாள். பச்சை விளக்கு எரியும் சுவரைச் சொன்னாள். நிரஞ்சன் என்கிற ‘மின்முற்றம்’ முதலாளி, முப்பத்தெட்டு வயது, கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு இதற்கெல்லாம் சரி சொன்னதைச் சொன்னாள்.

காலில் கட்டுப் போட்டவள் திரும்பிப் போய்த் தன் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு அந்த ஆரஞ்சுக்காரப் பெண் சொன்னாள்: “எங்க அண்ணன்கூட நான் நாலு மாசமா பேசலைங்க. இந்த எழவாலதான்.” உரித்த தோலைத் தரையில் எறிந்தாள். “அவனை இங்க இட்டுனு வாங்க. அந்த நிரஞ்சனை. என் கையால நாலு குடுக்கறேன்.”

“கோர்ட்டுக்கு இட்டுட்டுப் போலாம்,” என்றாள் ஷர்மிளா. மனுவை எடுத்துக் காட்டினாள். “இருபது கையெழுத்து வேணும்.”

“இருபத்திரண்டும் போடறோம்!” என்றாள் முதல் கட்டிலில் இருந்தவள், இடுப்பெலும்பு முறிந்து மூன்று வாரமாகப் படுத்திருப்பவள். “குடும்மா பேனாவ!”

அதற்குள் மணி ஆறரை. டி.வி. தானாகவே உயிர் பெற்றது. அந்த இசை தொடங்கியதும் எல்லாத் தலைகளும் திரும்பின. அணைக்கச் சொல்லலாமா என்று ஷர்மிளா ஒரு கணம் நினைத்தாள். ‘பாக்கட்டும். எப்படி ஏமாத்துதுன்னு அவங்களே பாக்கட்டும். அப்புறம் போடற கையெழுத்து இன்னும் அழுத்தமா விழும்’ என்று தோன்றியது. அவளும் லில்லியின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

விருந்தினர் மாளிகை அறை. மூன்று பேர் கைகட்டி நிற்கிறார்கள். நான்காவது நாற்காலி முதுகு காட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் அது அசையவே இல்லை. வார்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு, அந்தத் திரையில் முதல் முறையாக, அது திரும்பியது.

ஒல்லியான ஒருவன். முப்பத்தெட்டு வயது இருக்கும். அவனுக்குப் பின்னால் அறை கரைந்து கண்ணாடிச் சுவராக மாறியது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டி.வி. பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் கத்திக்கொண்டிருக்கும் ஜனங்கள். சுவரில் பச்சை விளக்குகள். அவன் காபியை உறிஞ்சியபடி சொன்னான்: “யாருக்கு யாரைப் பிடிக்காதோ, அவங்களையே குடு. பச்சை எரியட்டும்.”

“இவன்தான்!” என்று யாரோ அலறினார்கள். “அந்தம்மா சொன்னாங்கல்ல, இவன்தான்!”

வார்டு எழுந்துவிட்டது. எழ முடியாதவர்கள் கட்டில் கம்பியைத் தட்டினார்கள். திரையில் போலீஸ் அதிகாரி கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவன் தப்பி ஓடப் பார்த்தான். படிக்கட்டில் உருண்டான். இடது கண்ணில் அடிபட்டு ரத்தம் வழிந்தது. லில்லியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கையில் விலங்கு மாட்டி, தெரு வழியாக நடத்திக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் ஜனங்கள் காறித் துப்பினார்கள். ஒரு சின்னப் பெண், நர்ஸ் உடுப்பில், முன்னால் வந்து அவனை அறைந்தாள்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. செவிலியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆரஞ்சுக்காரப் பெண் எல்லோருக்கும் சுளை கொடுத்தாள். மூன்று வாரமாகப் படுத்திருந்த முதல் கட்டில் அம்மாள், “அப்பாடா,” என்று கால் நீட்டிக்கொண்டாள். “நெஞ்சுல இருந்த பாரம் எறங்கின மாதிரி இருக்கு.”

ஷர்மிளா மனுவையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவளிடம் போனாள்.

“இங்க போடுங்கம்மா.”

“எதுக்கு?”

“அந்த நிரஞ்சன் மேல கேஸ் போடறதுக்கு. இப்பத்தான பேசினோம்?”

அம்மாள் கொட்டாவி விட்டாள். “அதான் புடிச்சுட்டாங்களேம்மா.”

ஷர்மிளா இரண்டாம் கட்டிலுக்குப் போனாள், மூன்றாம் கட்டிலுக்குப் போனாள். யாருக்கும் அவள்மேல் கோபமில்லை. எல்லோரும் அன்பாகவே பேசினார்கள். ‘நாளைக்குப் பாக்கலாம்,’ ‘வீட்டுக்காரரைக் கேக்கணும்,’ ‘இனிமே எதுக்கு விடுங்க,’ என்றார்கள். ஆரஞ்சுக்காரப் பெண் அவள் வாயில் ஒரு சுளையை வைத்தாள். ஷர்மிளா அதைத் துப்பினாள்.

“அது டி.வி.! அவன் ஆபீஸ்ல உக்காந்திருக்கான்! யாரும் அவனைப் பிடிக்கல!”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருத்தி, “பாவம், ரொம்ப அடிபட்டிருக்காங்க,” என்று மெதுவாகச் சொன்னாள்.

அவள் வராந்தாவுக்குப் போய் தனபாலைக் கூப்பிட்டாள்.

“உங்க முதலாளி மூஞ்சியே வந்துச்சு தனபால். இந்த வார்டுல. அவனுக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவான்?”

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அவருக்குத் தெரியும் மேடம். நாலாவது நாற்காலிக்கு வச்சிருக்கற பட்டியல்ல முதல் முகமே அவருதுதான். தொடர் ஆரம்பிக்கறப்பவே குடுத்துட்டாரு. ‘என்னிக்காவது எவனாவது நம்ம மேல கோவப்படுவான், அப்ப வெறும் கையோட அனுப்பாதீங்க’ன்னாரு. இன்னிக்கு முப்பது எடத்துல அவருதான் வந்தாரு. எல்லா எடத்துலயும் பச்சை.”

அவள் போனை வைத்தாள். உள்ளங்கை எரிந்தது. என்னவென்று பார்த்தாள். இரண்டு கையும் சிவந்து கன்றிப்போயிருந்தன. திரையில் அந்தச் சின்னப் பெண் அவனை அறைந்தபோது அவளும்தான் கை தட்டியிருக்கிறாள். எவ்வளவு நேரம் தட்டினாள் என்று நினைவில்லை. அவளுக்கு யார்மீது ஆத்திரப்படுவது என்று ஒரு கணம் தெரியவில்லை. சுவரில் இரண்டு கையையும் அறைந்தாள். உள்ளே வந்தாள்.

லில்லி தலையணையில் சாய்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானும் தட்டினேங்க,” என்றாள். “அவன் கண்ணுல ரத்தம் வந்தப்ப. இப்பக் கோவமே இல்ல. எங்க போச்சுன்னே தெரியல. தேடிப் பாத்தேன்.”

ஷர்மிளா மனுவை மடித்துப் பையில் வைக்கப் போனாள்.

“அந்தத் தாளைக் குடுங்க. ஒத்தைக் கண்ணுல கோடு நேரா தெரியல. விரலை வச்சுக் காட்டுங்க.”

ஷர்மிளா விரலை வைத்தாள். லில்லி மெதுவாக எழுதினாள். பெயர், பதவி, ஊர், தேதி. அரசாங்க ஆட்கள் எழுதுவதுபோல் ஒன்றுவிடாமல் எழுதினாள். எழுதி முடித்ததும் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் பத்தொன்பது வேணும் இல்ல? கோவம் இல்லாம எப்படிப் போடச் சொல்றதுன்னு யோசிங்க.”

“உங்களை எது போட வச்சுது?”

“கண்ணு வலிக்குதுங்க,” என்றாள் லில்லி. “அது இன்னும் போகல.” பேனாவை நீட்டினாள்.

வார்டில் சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது. தட்டுகளின் சத்தம். டி.வி.யில் அடுத்த நிகழ்ச்சி தொடங்கியிருந்தது. ஷர்மிளா மறுபடியும் முதல் கட்டிலுக்குப் போனாள். அவள் வருவதைப் பார்த்ததும் அந்த அம்மாள் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஷர்மிளா டி.வி.க்கு முதுகைக் காட்டியபடி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிலருகே உட்கார்ந்தாள்.

“இடுப்புல எப்படிம்மா அடிபட்டுச்சு?” என்று கேட்டாள்.

கண்ணைத் திறக்காமலேயே அந்த அம்மாள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, “எம் மவன் தள்ளி விட்டான்,” என்றாள்.